சொல்வதெழுதுதலில் அதே பிழை ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பாடத்திலிருந்து 20 சொற்கள் சொல்வதெழுதுதல் வைக்கிறேன். தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னால் எழுதியும் வருகிறார்கள். அடுத்த வாரம் வேறு சொல்லில் அதே மாதிரிப் பிழை. பாதிப் பிள்ளைகள் 12 மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. என்ன செய்யலாம் ஐயா?
- ஓர் ஆசிரியை, மணப்பாறை

பதில்: அம்மா, 'வேறு சொல்லில் அதே மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒரு நாள் அவன் எழுதியது: வன்டி, நன்டு, கென்டை, பன்டிகை, தன்டு. ஐந்து சிவப்புச் சுழி போட்டேன், ஐம்பது வரி எழுதவைத்தேன். வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது, அவன் செய்தது ஐந்து பிழை அல்ல, ஒரே பிழை. மறுநாள் பக்கத்தில் உட்காரவைத்து, "'வண்டி' சொல்லு. 'வண்' என்றதும் நிறுத்து. நாக்கு எங்கே இருக்கிறது?" என்றேன். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மேல இருக்கு சார், 'ட' சொல்ற எடத்துல" என்றான். நம் முன்னோர் 'டண்ணகரம்', 'றன்னகரம்', 'தந்நகரம்' என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். ட வந்தால் ண், ற வந்தால் ன், த வந்தால் ந். பெயருக்குள்ளேயே விதி இருக்கிறது. நண்டு, கன்று, பந்து மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பழைய நோட்டிலிருந்து அவனையே பிரித்து எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் சரியானது.

உங்கள் வகுப்பில் 12 வாங்கும் மூன்று நோட்டுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒருத்தி 'தேன்கூடு' என்பதைத் 'தென்குடு' என்று எழுதியிருப்பாள். குறில் நெடில் அவள் காதில் இன்னும் பிரியவில்லை. இன்னொருவன் 'பறவை பறந்தது' என்பதைப் 'பரவை பரந்தது' என்று எழுதுவான். மூன்றாமவள் 'முயற்ச்சி' என்று எழுதுவாள். இவள் உண்மையில் முன்னால் போய்க்கொண்டிருப்பவள். 'வளர்ச்சி' என்று சரியாகக் கற்றதை இங்கேயும் போட்டுவிட்டாள். ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது (காட்சி, நட்பு, கற்கள்) என்று காட்டினால் போதும். மூவருக்கும் ஒரே மதிப்பெண்தான், ஆனால் ஒரே பாடம் எப்படிப் பொருந்தும்? 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகியவர்தானே நீங்கள். ஒரே 'மலர்' குழுவுக்குள்ளேயும் இந்த வேற்றுமை இருக்கும்.

ஆகவே மாதம் ஒரு முறை, பாடத்தில் வராத சொற்களாக 20 எடுங்கள். பாடச் சொல் என்றால் மனப்பாடம் புகுந்துவிடும். குறில் நெடிலுக்கு நான்கு, ண ன ந-வுக்கு நான்கு, ல ள ழ-வுக்கு நான்கு, ர ற-வுக்கு நான்கு, ஒற்றுக்கு நான்கு. ஒரு தாளில் பெயர் ஒரு பக்கம், இந்த ஐந்து வகை மறுபக்கம் கட்டம் போட்டுப் பிழை விழுந்த இடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்தால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த மூன்று வாரம் அதுதான் பாடம். மற்றது காத்திருக்கட்டும்.

ர, ற விஷயத்தில் மட்டும் காதை நம்பாதீர்கள். நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அங்கே சொல்லின் குடும்பம்தான் கைகொடுக்கும். பற, பறவை, பறந்தது, பறக்கும் என்று ஒரே வரிசையில் எழுதவைத்தால் ற கண்ணில் பதியும். பழம், பழுத்தது, பழுப்பு என்று ழ-வுக்கும் அப்படியே.

இன்னொன்று. சொல்லும்போது நாக்கை மடக்கி 'பள்ள்ளி' என்று அழுத்தாதீர்கள். பிள்ளைகள் உங்கள் வாயைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், கட்டம் பொய் சொல்லும். "தம்பி பள்ளிக்குப் போனான்" என்று இயல்பாக ஒரு முறை, பிறகு 'பள்ளி' என்று ஒரு முறை. மூன்று வாரம் கழித்து அதே வகையில் புதுச் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். பழைய சொற்களை அல்ல.