உங்கள் உள்ளங்கை வழியே போகும் சாட்சி

கேள்வி (தேனியிலிருந்து ஒரு வாசகர்): வேகமாகப் போனால் நேரம் மெதுவாக ஓடும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். கடிகாரம் மெதுவாகும் என்றால் சரி, ஓடுகிற ஓட்டத்தில் உள்ளே ஏதாவது பழுதாகியிருக்கும். நேரமே மெதுவாகும் என்பதை எப்படி நம்புவது?

பதில்: கடிகாரத்தின் மேல் சந்தேகம் வருவது நியாயம்தான். அதனால் கடிகாரத்தை விட்டுவிடுவோம். முள், ஸ்பிரிங், பேட்டரி எதுவும் இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்வோம், அதன் பெயர் மியூவான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கருக்கள் மேல் மோதும்போது பிறக்கிற துகள் அது. எலக்ட்ரானுக்கு உறவுக்காரன் மாதிரி, நிறை மட்டும் 207 மடங்கு. ஆயுள் ரொம்பக் கம்மி, சராசரியாக 2.2 மைக்ரோவிநாடி, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு சொச்சம்.

இப்போது ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் 2.2 மைக்ரோவிநாடியில் 660 மீட்டர்தான் போக முடியும். 15 கிலோமீட்டர் எங்கே, 660 மீட்டர் எங்கே! அபூர்வமாக ஒன்றிரண்டு தப்பி வரலாம், அவ்வளவுதான். ஆனால் கையை விரித்து வைத்தால் உள்ளங்கை வழியே ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது, இந்த வரியைப் படிக்கும்போதும். ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் 560 சதுர மீட்டர் பரப்பில் கருவிகளை வைத்து இவற்றைத்தான் எண்ணுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்தது. டேவிட் ஃப்ரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இருவர், சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலை உச்சியில் குறிப்பிட்ட வேகத்தில் வரும் மியூவான்களை எண்ணினார்கள். ஒரு மணி நேரத்தில் 563 வந்தன. அந்த உயரத்தைக் கடக்க 6 மைக்ரோவிநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் பெரும்பாலானவை சிதைந்து கடல் மட்டத்தில் 27தான் மிஞ்ச வேண்டும். கீழே வந்து எண்ணினால் 400க்கு மேல்! மியூவானுக்குள் பழுதாக ஓர் இயந்திரமும் இல்லை. நம் கணக்கில் அதன் நேரமே சுமார் 9 மடங்கு மெதுவாக ஓடியிருக்கிறது, 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடு சொல்கிறபடியே. மகள் சொன்னது சரி.

கேள்வி (விருதுநகரிலிருந்து ஒரு வாசகி): தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். என் வயது குறையுமா?

பதில்: குறையும், உண்மையாகவே. 60 கிலோமீட்டர் வேகத்தில் தினம் ஒரு மணி நேரம் என்று 30 வருடம் போனாலும், மிச்சமாவது விநாடியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருபவருக்கே விநாடியில் இருநூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஒளியின் வேகத்தை நெருங்கினால்தான் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வரும்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவர்): மியூவானோடு நாமும் பயணம் செய்தால், நமக்கும் அது 9 மடங்கு கூடுதலாக வாழ்வது போலத் தெரியுமா?

பதில்: தெரியாது. இதைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம், பலரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். கூடவே போகிற உங்களுக்கு அதன் ஆயுள் அதே 2.2 மைக்ரோவிநாடிதான். அப்புறம் எப்படிக் கீழே வந்து சேர்கிறது? உங்கள் பார்வையில் மியூவான் சும்மா நிற்கிறது, மலைதான் உங்களை நோக்கிப் பாய்ந்து வருகிறது, அப்படி வருகிற மலையின் உயரம் 1,900 மீட்டர் இல்லை, சுருங்கிப்போய் 200 மீட்டர் சொச்சம்தான். அது உங்களைக் கடந்து போக 0.7 மைக்ரோவிநாடி போதும். அந்த நேரத்தில் 563இல் எத்தனை மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 400 சொச்சம் வரும்.