ஓடத் தெரிந்த நாம்பனுக்கு நிற்கப் பழக்குங்கள்

வன்னியில் தர்மபுரம் பக்கத்திலிருந்து, மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியில் ஓட்டும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "போன வருடம் நாலு பல் நாம்பன் (இளங்காளை) ஒன்று வாங்கினேன். ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு பட்டியில் வளர்ந்தது. இடப்பக்கத்து மாடாக, இடத்தனாகப் பூட்டுகிறேன். ஓட்டம் என்றால் காற்றுத்தான். ஆனால் நுகத்தைக் கண்டதும் துள்ளுகிறது. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் பின்னுக்குத் தள்ளி வலத்தனையும் குழப்பிவிடும். இரண்டு சவாரியில் கொடி விழ முதலே பாய்ந்து எங்களை விலக்கிவிட்டார்கள். வருடப்பிறப்பு முடிந்து வரும் சனி, ஞாயிறு சி பிரிவில் ஓட்ட வேண்டும். ஐந்து கிழமைதான் இருக்கு. மாடு அடங்க என்ன கொடுக்கலாம்? ஊசி ஏதும் இருக்கா?"

ஊசி இருக்கிறது தம்பி, தரமாட்டேன். மயக்கத்துக்குப் போடும் சைலசின் மருந்தில், குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். யாரோ சொன்ன அளவைக் கேட்டுப் போட்டால் நாம்பன் திடலுக்குப் போகாது, கொட்டிலிலேயே படுத்துவிடும். குறைத்துப் போட்டாலும் கால் தடுமாறும், வயிறு ஊதும், உடம்புச் சூட்டை ஆற்றிக்கொள்ளும் திறன் போய்விடும். சித்திரை வெயிலில் அரை மயக்கத்தோடு ஓடுகிற மாடு விழுந்தால் வண்டில், வலத்தன், சாரதி எல்லாம் சேர்ந்துதான் விழும். சாராயம் பருக்குகிற கதையும் இதே கதைதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல் 'பட்டி'. காட்டோரத்திலும் அறுவடை முடிந்த வயலிலும் கூட்டமாக மேய்ந்து வளர்ந்த கன்றுக்கு மனிதக் கை படுவது குறைவு. அதற்குக் கூட்டம்தான் பாதுகாப்பு. தனியாகப் பிடித்து, மூக்கில் கயிறு போட்டு, ஆயிரம் பேர் சத்தம் போடும் இடத்தில் நிறுத்தினால் அது பயப்படாவிட்டால்தான் ஆச்சரியம். நாங்கள் அதைத் திமிர் என்கிறோம். பயந்த மாட்டுக்கு அடி போட்டால் பயத்துக்குக் காரணம் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

படிக்கப் போன வெளிநாட்டில் ஒரு வார இறுதியில் 'ஈவென்டிங்' என்ற குதிரைப் போட்டியைப் பார்த்தேன். படைக்குதிரைகளைச் சோதிக்கத் தொடங்கிய போட்டி அது; 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து நடக்கிறது. திறந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்டிப் பாய்வதுதான் அதன் உயிர். ஆனால் அதற்கு முதல், மைதானத்துக்குள் குதிரை அமைதியாக நடந்து, வளைந்து, நடுவர் முன்னால் அசையாமல் நின்று காட்ட வேண்டும். அந்த நிற்றலுக்கும் புள்ளி உண்டு. நான் பார்த்த அன்று கறுப்புக் குதிரை ஒன்று அங்கே நிற்க மாட்டாமல் நாலு காலும் நிலத்தில் படாத மாதிரி ஆடியது. மற்றக் குதிரைகளைவிட நன்றாகப் பாய்ந்தும், அந்த முதல் ஐந்து நிமிடத்தில் விட்டதை அதால் பிடிக்க முடியவில்லை. எங்கள் திடலில் நிற்பதற்குப் புள்ளி இல்லை. அதனால்தான் ஒருவரும் அதைப் பழக்குவதில்லை. உங்கள் இரண்டு சவாரியும் போனது அந்த இடத்தில்தான்.

பழக்கத் தொடங்க முன் நோவு இருக்கிறதா என்று பாருங்கள். நாணயக்கயிறு போகும் மூக்குத் துளையைக் காலை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஓரம் சிவந்து ஈரமாக இருந்தால் அது ஆறும்வரை கயிறு இழுக்கக் கூடாது. பிடரியில் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். தோல் துடித்தால் நுகம் உரசியிருக்கிறது. பிறகு நுகத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஒருமுறை, தலையை எந்த நேரமும் வலப்பக்கம் எறிகிற ஒரு மாட்டைக் கொண்டுவந்தார்கள். 'பேய் பிடிச்ச மாடு' என்று வீட்டுக்காரரே சொன்னார். நுகத்தைத் தடவினேன். அலங்காரத் தகடு அடித்த ஆணி ஒன்று மறுபக்கத்தில் நெல்மணி அளவுக்கு எட்டிப் பார்த்தது, நுனியில் மயிர் ஒட்டியிருந்தது. அரத்தால் தேய்த்துவிட்ட பிறகு பேயையும் காணவில்லை.

நோவு இல்லையென்றால், முதல் இரண்டு கிழமை ஓட்டமே வேண்டாம். விடியற்காலை, வெயில் ஏற முன், வலத்தனோடு சேர்த்துப் பூட்டுங்கள். பூட்டியதும் ஓட்டாதீர்கள், நில்லுங்கள். முதல் நாள் பத்து எண்ணும்வரை நின்றால் போதும். நாம்பன் மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்திலேயே கயிற்றைத் தளர்த்துங்கள். ஒரு நொடி பிந்தினால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்கு விளங்காது. பத்தடி நடத்தி மறுபடி நிறுத்துங்கள். கால் மணித்தியாலம் போதும், அவிழ்த்துவிடலாம். நல்லாய் நிற்கும்போது அவிழ்க்க வேண்டும். துள்ளும்போது அவிழ்த்தால், துள்ளினால் விடுதலை என்று படித்துக்கொள்ளும். அதை மறக்க வைப்பது பெரிய பாடு.

வெருண்டு பாய்ந்துவிட்டால் அன்று அப்படியே பாடம் தொடர வேண்டாம். மாடுகளின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின், வெருண்ட மாடு அடங்க இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும் என்கிறார். என் அனுபவமும் அதுதான். வெருண்ட மாட்டை ஐந்து நிமிடத்தில் மறுபடி பூட்டுகிறவர் இரண்டாம் சண்டைக்குத்தான் போகிறார்.

சத்தத்துக்கு மருந்து சத்தம்தான். சவாரி அறிவிப்பைக் கைத்தொலைபேசியில் பதிந்து, நாம்பன் வைக்கோல் தின்னும் நேரத்தில் கொட்டிலுக்கு வெளியே மெல்ல ஒலிக்க விடுங்கள். காது திரும்பும், வாய் நிற்கும். மறுபடி அசைபோடத் தொடங்கும்வரை சத்தத்தைக் கூட்டாதீர்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டவாக. மாட்டுக் காது எங்களுக்குக் கேளாத உச்சக் கீச்சொலியையும் பிடிக்கும், அதனால் விசில் வேண்டவே வேண்டாம். மூன்றாம் கிழமையில் சந்தைக்கோ கோயில் வீதியின் ஓரத்துக்கோ வலத்தனோடு நடத்திக் கொண்டுபோங்கள், ஆட்கள் வந்துபோவதைப் பார்க்கட்டும். வேகத்தை நாலாம் கிழமையில் பாருங்கள், அதுவும் ஒரு நாள் மட்டும். ஓட இடம் தேடிக் காட்டோரத்துப் புதுக் காணிகளுக்குப் போகாதீர்கள். மிதிவெடி அகற்றி முடித்த, ஆட்கள் நடமாடும் இடம்தான் வேண்டும். இதை வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, என்றாலும் சொல்கிறேன்.

தீனி விஷயத்தில் எங்கள் ஆட்கள் செய்யும் பிழை, சவாரி கிட்டக் கிட்ட உழுந்து, அரிசிக்கஞ்சி, முட்டை என்று திணிப்பது. துடிப்புள்ள மாட்டுக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு புளித்து, சாணம் தண்ணீராகி, கால் குளம்பும் நோகத் தொடங்கும். புல்லும் வைக்கோலும் முதல், புண்ணாக்கு அளவாக, உப்புக் கொஞ்சம். கடைசிப் பத்து நாளில் புதிதாக ஒன்றும் வாயில் வைக்காதீர்கள். சவாரியன்று பெரிய தீனி, ஓட்டத்துக்கு நாலைந்து மணித்தியாலம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மாடு ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். சனிக்கிழமை அலுவலகம் திறவாது, வியாழனுக்கிடையில் எடுத்துவிடுங்கள். வெள்ளி பின்னேரமே போய்ச் சேருவது நல்லது. லொறித் தட்டில் மணல் பரப்பி, வலத்தனை முதலில் ஏற்றுங்கள், அது நிற்பதைக் கண்டால் உங்கள் நாம்பன் பின்னால் போகும். இறக்கும்போதும் அப்படித்தான். நாம்பனைத் தனியே விட்டுவிட்டு வலத்தனைத் தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள், கட்டுத்தறியையே பிடுங்கும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு கான் கொண்டுபோங்கள். இடம் மாறினால் தண்ணீரின் வாடை பிடிக்காமல் குடிக்காது நிற்கும். நலமடிக்காத (காயடிக்காத) நாம்பன் என்றால், பக்கத்தில் காளை தேடும் பசு கட்டியிருக்கிறதா என்றும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திடலில் நிழல் பார்த்துக் கட்டுங்கள், ஒலிபெருக்கிக்குத் தூரத்தில், சனம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. மாட்டுக்குக் கண் தலையின் இருபக்கமும் இருப்பதால் நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து வருகிறவன்தான் அதற்குப் பூதம். 'நல்ல மாடு' என்று முதுகில் தட்ட வரும் சிநேகிதர்களை மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். சிவப்புத் துணிக்கு மாடு வெருளும் என்பது பொய். அதற்குச் சிவப்புப் பெரிதாகத் தெரியாது, காற்றில் அடிக்கிற எந்த நிறத் துணிக்கும் வெருளும். மாடு ஓட்டும் கேட்டிக் கம்பில் ஆணி வைப்பதும் வாலைக் கடிப்பதும் வேண்டாம். 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதைவிட, இந்த நாம்பனுக்கு அது தேவையே இல்லை.

ஓட்டம் முடிந்ததும் உடனே நிறுத்தாமல் நடத்துங்கள், பிறகு நிழலில் தண்ணீர் ஊற்றுங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முதல், அந்த ஊர் வெக்கைக்குப் பயந்து குதிரைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிடிப்பு வரவில்லை, சூடுதான் வேகமாக இறங்கியது. தோள், வயிறு, தொடை என்று வாளி வாளியாக ஊற்றுங்கள், ஒரு ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள், அது சூட்டை உள்ளே வைத்துக்கொள்ளும். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கப் பழகுங்கள். சும்மா நிற்கும் மாட்டுக்கு 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஓடி அரை மணித்தியாலம் ஆகியும் 40க்குக் கீழே இறங்காவிட்டால் அடுத்த சுற்று வேண்டாம்.

ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குக் கடைசியாகக் கொண்டுபோங்கள், அதற்காக முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவையுங்கள். தலைமாட்டில் பழகிய ஆள் இருவர் போதும். குதிரைப் போட்டியில் ஒரே தடையில் மூன்று முறை மறுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் திடலில் அப்படி யாரும் அனுப்பமாட்டார்கள், நீங்களே எண்ண வேண்டும். கோட்டில் இரண்டு முறை பின்னுக்குத் தள்ளினால், சனம் என்ன கூவினாலும், அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். நாலு பல் நாம்பன்தானே, ஆடிக்குள் இன்னும் எத்தனை சவாரி வரும். அதுவரை காலையில் அந்தக் கால் மணித்தியாலத்தை விடாதீர்கள். மூக்குத் துளை எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.