வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ. மற்றவர்களுக்குத் தொற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேட்டவர் ஓசூர்க்காரர். கணவருக்கு நேற்று முதல் காய்ச்சல், உடம்புவலி. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள மாமியார், 3 வயதுக் குழந்தை. இருப்பது ஒரே படுக்கையறை.

காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவ ஆரம்பித்துவிடும். முதல் மூன்று நாள்தான் உச்சம். 5 முதல் 7 நாளில் ஓயும். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 1 முதல் 4 நாள் ஆகும். குழந்தைக்கு இந்நேரம் ஒட்டியிருந்தாலும் இருக்கலாம். அதற்காக விட்டுவிட வேண்டாம், இன்றும் நாளையும்தான் பரவல் அதிகம்.

படுக்கையறையைக் கணவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஹாலில் படுங்கள். ஓசூர், தளிப் பக்கம் ஐப்பசி பிறந்தாலே குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஃப்ளூவுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை வெளியே பார்க்க வையுங்கள். அறைக் காற்று வெளியே போகும், ஹால் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடும். லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர்கள் நோயாளியை ஜன்னலோரம் படுக்க வைத்து, மற்றவர்கள் அவர் கால்மாட்டுப் பக்கம் தலைவைத்து ஆறடி தள்ளிப் படுக்கலாம். திண்ணை இருந்தால் பகலெல்லாம் அங்கேயே உட்காரட்டும்.

அறைக்குள் போய்வருவது ஒரே ஆளாக இருக்கட்டும், அது மாமியாராக இருக்க வேண்டாம். உள்ளே போகும்போது இருவருக்கும் மாஸ்க். உங்களுக்கு என்95 நல்லது. மூக்குக் கம்பியை அழுத்தி விடாவிட்டால் காற்று மேல்பக்கமாகவே போய்வரும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். பாத்திரத்தைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை, வழக்கமான சோப்பே போதும். தரைக்கு பிளீச்சிங் பவுடர் போடும் நேரத்தில் செல்போன், ஸ்விட்ச், குழாய்த் திருகைத் துடைத்தால் பலன் அதிகம்.

இனி மருந்து. அரசு வழிகாட்டுதலில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு உண்டு. லேசான காய்ச்சல், இருமல் மட்டும் என்றால் ஏ. ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்கள், அறிகுறி லேசாக இருந்தாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்கள், 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் பி. இவர்களுக்கு ஒசல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் மருந்து தரலாம். பெரியவர்களுக்கு 75 மி.கி., நாளுக்கு இருவேளை, 5 நாள். குழந்தைக்கு எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மாமியாருக்கோ குழந்தைக்கோ உடம்பு சுட ஆரம்பித்த அன்றே டாக்டரிடம் போங்கள். டெஸ்ட் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அதிகம் பிசகுவது பாராசிட்டமால் சிரப்பில்தான். குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேர இடைவெளி. 12 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்தால், 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மில்லி, 250 மி.கி. உள்ளதில் 3 மில்லி. பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போன மாதம் தந்த அளவையே புது பாட்டிலிலும் ஊற்றினால் இரட்டை டோஸ் ஆகிவிடும். மூடியில் அளக்காமல் சிரிஞ்சில் அளங்கள். பெரியவர்கள் சளி மாத்திரையோடு தனியாகப் பாராசிட்டமாலும் போடுவார்கள். பல சளி மாத்திரைகளில் அது ஏற்கெனவே இருக்கிறது.

மெடிக்கலில் சின்னக் கவரில் போட்டுத் தரும் கலவை மாத்திரை வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஃப்ளூ வரும் அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் வருகிறது. டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் டெங்குவில் ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் கூடாது. அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. நிலவேம்புக் குடிநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் குடிக்கலாம். அதை நம்பி அந்த 48 மணி நேரத்தைக் கடத்திவிடக் கூடாது.

தொண்டை வலிக்கும்போது களி உருண்டை இறங்காது. ராகிக் கூழை மோரும் உப்பும் விட்டு நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள். வாந்தி, பேதி இருந்தால் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கரைக்கக் கூடாது.

வயதானவர்களுக்குச் சூடே தெரியாமல் போகலாம். சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, பேச்சு தடுமாறுவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். சர்க்கரையும் ஏறும், தினமும் பாருங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, உதடு நீலம் என்றால் அது சி பிரிவு, உடனே 108. ஒன்று முதல் 5 வயதுவரை உள்ள குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் விட்டு, நாலாம் ஐந்தாம் நாள் திரும்ப ஏறினால் நிமோனியாவாக இருக்கலாம். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் இருட்டும் வரை பார்க்காமல், சந்தேகம் வந்த மதியமே கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் கணவர் ஷிப்டுக்குப் போகலாம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட், ஏழாம் நாள் வரை மாஸ்க்.