துண்டுக்கடியில் சாவி

அன்புள்ள ஐயா,

வால்டர் ஸ்காட்டின் 'தி ஆபட்' நாவலை இப்போதுதான் முடித்தேன். லாக்லெவன் தீவுக்கோட்டையில் சிறையிருக்கும் ஸ்காட்லாந்து அரசி மேரியும், பணிவிடைக்கு வரும் ரோலண்டும் இன்னும் மனதிலேயே நிற்கிறார்கள். ரோலண்ட் நிஜமாக வாழ்ந்தவனா? சாவியை மாற்றிவைக்கும் இடம் உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ரோலண்ட் கற்பனைதான். ஆனால் சாவியை எடுத்த பையன் நிஜம். பெயர் வில்லி டக்ளஸ். கோட்டைக்குச் சொந்தக்காரரான சர் வில்லியம் டக்ளஸ் வீட்டில் வளர்ந்த அநாதை.

நாவலில் ரோலண்ட் பொய்ச்சாவிக்கொத்து அடித்து, சமயம் பார்த்து மாற்றுகிறான். 1568 மே 2 அன்று இவ்வளவு வேலை நடக்கவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம். சர் வில்லியத்தின் தட்டருகே சாவி கிடக்கிறது. பரிமாற வந்த வில்லி அதன்மேல் ஒரு துண்டைப் போடுகிறான். துண்டை எடுக்கும்போது சாவியும் கூடவே வந்துவிடுகிறது. வேலைக்காரி உடையில் அரசி வெளியேறியதும் கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் படகேறினார்கள்.

ஸ்காட் இதை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. பொய்ச்சாவி எந்தக் கதாசிரியருக்கும் தோன்றும். துண்டு, தினமும் பரிமாறுகிற பையனுக்குத்தான் தோன்றும்.

அதற்கு முன், மார்ச்சில், மேரி சலவைக்காரி வேஷத்தில் படகேறினாள். படகோட்டி விளையாட்டாக முகத்திரையை விலக்கப் பார்த்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். வெள்ளை வெளேரென்ற கை! துணி துவைக்கிற கை அப்படியா இருக்கும்? படகைத் திருப்பிவிட்டான்.

ஸ்காட் ஜெயித்த இடம் வேறு. கோட்டையின் கிழவி, சர் வில்லியத்தின் தாய், ஒருகாலத்தில் மேரியின் அப்பா ஐந்தாம் ஜேம்ஸின் ஆசைநாயகி. அந்த உறவில் பிறந்த மகன் மோரேதான் அப்போது ரீஜண்டாக, அதாவது அரசப் பிரதிநிதியாக, நாட்டை ஆண்டுகொண்டிருந்தவன். அதாவது மேரியின் அண்ணன்முறை. அப்பாவின் வைப்பு காவலிருக்க, மகள் கைதி. இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே குத்திக்கொள்ளும் பக்கங்களை இன்னொருமுறை படியுங்கள். அங்கே நாக்குதான் கத்தி.

தப்பிய பதினோராம் நாள் லாங்சைட் போரில் மேரி தோற்றாள். மே 16 அன்று படகில் சால்வே கழியைக் கடந்து இங்கிலாந்து போனாள். அங்கே மறுபடி சிறை. 1587 பிப்ரவரி 8-இல் தலை போகும்வரை. அவளோடு கடல் கடந்த சிறு கூட்டத்தில் வில்லியும் இருந்தான்.