எல்லை தாண்டும் லாரிப் போக்குவரத்தைச் சீராக்கினால் நாடுகளுக்கிடையே வணிகம் பெருகுமா? முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கட்டாயம் பெருகும். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே பலரும் சாலையை அகலப்படுத்துவது, பாலம் கட்டுவது என்று தொடங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் குறைக்க வேண்டியது லாரி சும்மா நிற்கும் நேரத்தைத்தான்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் என்ற தோட்டப்புறச் சிறுநகரத்தில் வசிக்கிறேன். ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக ஆவண வேலை பார்க்கிறேன். தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாம் இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை எல்லை வாசல்வரை போகிறது. அந்தப் பக்கம் தாய்லாந்தின் சடாவ். அதைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் ஹட்யாய். சாலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயரழைப்புக்குப் போய், வெயில் ஏறியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் சேர்க்கும் ஸ்டோருக்கு நடப்பார். அந்த மரங்கள் நின்ற இடத்தில் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை நிற்கிறது. ஆனால் கையுறைத் தொழிற்சாலைகளுக்கு ரப்பர் பால் வேண்டுமே. உலகில் இயற்கை ரப்பரை அதிகம் விளைவிக்கும் தாய்லாந்திலிருந்துதான் அது எங்கள் லாரிகளில் வருகிறது. மரத்தில் வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதை இயந்திரத்தில் சுழற்றி, தண்ணீரைப் பிரித்து, ரப்பர் 60 விழுக்காடு இருக்கும்படி கெட்டியாக்கி, உறையாமலிருக்க அம்மோனியா கலந்து டாங்கரில் அனுப்புகிறார்கள். மூடியைத் திறந்ததும் வரும் அந்த நெடி, சிறுவயதில் ஸ்டோர் வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்த நாள்களை அப்படியே கொண்டுவந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழன் மாலை அப்படியொரு டாங்கர் எல்லையில் மாட்டிக்கொண்டது. விற்றவர் பில்லில் பாலின் மொத்த எடை இருந்தது. நாங்கள் வாங்கிய இறக்குமதி அனுமதியில் உலர் ரப்பரின் எடை, அதாவது தண்ணீரை நீக்கிய எடை இருந்தது. இரண்டும் சரியான எண்கள்தான். பக்கத்தில் வைத்தால் பொருந்தவில்லை. சுங்க வளாகத்தில் ஆள் இருந்தார்கள். அனுமதி கொடுத்த அலுவலகத்தில்தான் ஆள் இல்லை, ஏனென்றால் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை அங்கே போய் நின்றேன். இரண்டு எடைகளையும் விளக்கி விற்றவர் ஒரு கடிதம் தர வேண்டும் என்றார்கள். தாய்லாந்தில் அன்றைக்கு விடுமுறை. கடிதம் திங்கட்கிழமை வந்தது, வண்டியும் அன்று மாலைதான் வெளியே வந்தது.

நான்கு இரவுகள் எங்கள் ஓட்டுநர் அந்த வண்டியிலேயே படுத்தார். வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்து, “தங்கச்சி, பால் உறைந்துவிடாதா?” என்று கேட்டார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். “உறையாது அண்ணே, அம்மோனியா போட்டிருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்றேன். அவருக்குச் சம்பளம் நடைக் கணக்கில். மூன்று நடை ஓட வேண்டிய அந்த வாரத்தில் ஒரு நடைக்கான காசுதான் கையில் வந்தது. எடையில் பிழை செய்தது அவரல்ல.

வணிகம் எங்கே தேங்குகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த டாங்கரைத்தான் காட்டுவேன். இப்படி ஒருமுறை அடிபட்ட நிறுவனம் அடுத்த முறை கட்டணம் சொல்லும்போது காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் சொல்லும். சரக்கு என்றைக்கு வரும் என்று நம்ப முடியாத தொழிற்சாலை, தேவைக்கு மேல் பாலை வாங்கித் தேக்கி வைக்கும். தென் தாய்லாந்துச் சரக்கில் நிறைய பினாங்குத் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறுகிறது. எல்லையில் ஒரு நாள் தாமதித்தால் கப்பலைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க நேரும். இந்தச் செலவெல்லாம் கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறுகிறது.

மாற முடியும் என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்குள் வரிச்சலுகை பெற, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ், ‘டி’ படிவம், முன்பு தாளாக வர வேண்டும். சரக்கு வந்து நிற்கும், தாள் கூரியரில் வந்துகொண்டிருக்கும். 2018இல் மலேசியாவும் தாய்லாந்தும் உட்பட ஐந்து நாடுகள் அதை மின்னணு முறையில் பரிமாறத் தொடங்கின. அந்தக் கூரியர் தவிப்பு என் மேசையிலிருந்து போயே போய்விட்டது. ஒரு கல்கூடப் புதிதாக நடாமல் கிடைத்த நிம்மதி அது.

வேறு நாட்டைக் கடந்து போகும் சரக்குக்கு ஆசியான் சுங்கக் கடவு முறை இருக்கிறது. ஆசியான் நாடுகள் 1998இல் ஒப்பந்தம் போட்டன; முறை நடைமுறைக்கு வந்தது 2020இல். 22 ஆண்டுகள்! புறப்படும் இடத்தில் ஒரே அறிவிப்பு, வழியில் செலுத்த நேரக்கூடிய வரிக்கு ஒரே பிணை உத்தரவாதம். முத்திரையிட்ட லாரி தாய்லாந்திலிருந்து மலேசியா வழியாகச் சிங்கப்பூர்வரை சரக்கை இறக்கி ஏற்றாமல் போகலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் மூன்று லாரி வைத்திருப்பவர் அந்த உத்தரவாதத்துக்கு எங்கே போவார்? முத்திரையிட்ட லாரிகள் எல்லைகளைக் கடக்க உலகின் பல நாடுகளில் நடப்பிலிருக்கும் டிஐஆர் முறையில், 1975ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அந்தந்த நாட்டுச் சங்கம் உறுப்பினர்களுக்காகப் பொறுப்பேற்கிறது. இங்கும் லாரி உரிமையாளர் சங்கங்கள் கூட்டு உத்தரவாதம் தர வழி செய்தால் சிறியவர்களும் நுழைய முடியும். இல்லையென்றால் பெரிய நிறுவனங்கள் மட்டும்தான் பயன்பெறும். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

எங்கள் பாலைப் போல எல்லை தாண்டியதும் இறக்குமதியாகிவிடும் சரக்குக்கு அந்தக் கடவு முறையால் பெரிய பயனில்லை. அதற்கு வேண்டியது எளிமையானது. அனுமதி தரும் அலுவலகங்கள் வெள்ளி, சனியிலும் முறைவைத்து ஓர் அதிகாரியை அமர்த்த வேண்டும்; திருத்தம் கேட்டால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இங்கே வெள்ளி, சனி, அங்கே சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள்கள் ஒருவருக்கொருவர் கிடைக்காமல் போகிறோம். போதாக்குறைக்கு அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். இரு தரப்பும் எந்த எடையை எழுதுவது என்று ஒரே படிவத்தில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் பிறக்கவே பிறக்காது.

அதுவரைக்கும் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். ஹட்யாயில் என்னைப் போலவே ஆவணம் பார்க்கும் பெண்ணுக்கு மலாய் தெரியும். பாலை ஏற்றுவதற்கு முன்பே பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். இருவரும் தொலைபேசியிலேயே இரண்டு எடைகளையும் வாசித்து ஒப்பிடுவோம். புதன் நண்பகலுக்குள் எண்கள் பொருந்தாவிட்டால் எங்கள் லாரி பீடோங்கை விட்டுப் புறப்படாது. ஓட்டுநர் அண்ணன் அன்றிரவு வீட்டில் தூங்குவார்.