பி.டி. மாஸ்டர் பதில்கள்

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. பி.டி. பீரியடிலும் கணக்கு நடத்துகிறார்கள். பரீட்சை வருடம், நல்லதுதானே சார்? – ஒரு வாசகி, கரூர்

பதில்: கணக்கு டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன்மா, ரிசல்ட் குறைந்தால் அவர் தலைதான் உருளும். ஆனால் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருக்கிற ஒன்றிரண்டு பீரியடையும் பிடுங்கினால்?

வகுப்பில் வாயே திறக்காத பையன் கபடியில் பாடிப் போவான். 30 விநாடிக்குள் திரும்பியாக வேண்டும். பிடிக்க நிற்பவன் மேல் விரல் நுனி பட்டது நடுவருக்குத் தெரியாமல் போகலாம், பட்டவனுக்குத் தெரியும். தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறானா, ‘படவே இல்லை சார்’ என்று சண்டைக்கு நிற்கிறானா? நாங்கள் கவனிப்பது அதைத்தான். அப்புறம், காலையில் சாப்பிடாமல் வந்தவன், ராத்திரி தூங்காதவன் எல்லாம் மைதானத்தில் ரெண்டு ரவுண்டு ஓடவிட்டால் தெரிந்துவிடும். (விசில் ஊதவா சம்பளம் என்று கேட்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.)

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு இதையும் கேளுங்கள். அதுவரை டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விடாமல் சைக்கிளில் அனுப்புங்கள்.