பீட்டில்ஸ் பாடிய பிறர் பாடல்கள்: பதினான்கை மட்டும் எடுப்பதென்றால்? (கேள்வி பதில்)

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் லிவர்பூல் இசைக்குழுதான் பீட்டில்ஸ். பீட்டில்ஸ் எழுதாத, ஆனால் பீட்டில்ஸ் பாடிய பாடல்களை மட்டும் வைத்து ஒரு தொகுப்பு ஆல்பம் போட்டால் அதில் எவையெல்லாம் இருக்க வேண்டும்? நான் பல வருடங்களாகப் பட்டியல் போட்டு, அழித்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் இது. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்கு பதினான்கு. அந்தக் காலத்து ஆங்கிலேய எல்.பி. தட்டில் வழக்கமாகப் பக்கத்துக்கு ஏழு பாட்டு என்பதால் அந்த எண்.

சார், இப்படிப் பிறர் பாட்டை எடுத்துப் பாடிய கவர் பாடல்கள் மொத்தம் எத்தனை இருக்கின்றன? எதிலிருந்து பொறுக்குவது?

குழு இருந்த காலத்தில் இங்கிலாந்தில் வெளியான தட்டுகளை மட்டும் எண்ணினால் 24. முதல் ஆல்பமான 'பிளீஸ் பிளீஸ் மீ'யில் ஆறு, 'வித் த பீட்டில்ஸ்' ஆல்பத்தில் ஆறு, 1964இல் வந்த 'லாங் டால் சாலி' என்ற இ.பி.யில் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு தட்டு) மூன்று, 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' ஆல்பத்தில் ஆறு, 'ஹெல்ப்!' ஆல்பத்தில் இரண்டு, அப்புறம் 'பேட் பாய்'. கடைசி ஆல்பமான 'லெட் இட் பீ'யில் 'மேகி மே' என்ற லிவர்பூல் நாட்டுப்பாடலை நாற்பது விநாடி பாடியிருப்பார்கள், அதையும் சேர்த்தால் 25. 'எ ஹார்ட் டேஸ் நைட்' ஆல்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பதின்மூன்றும் லெனன், மெக்கார்ட்னி எழுதியவை.

இப்படி ஒரு தொகுப்பு ஏற்கெனவே வரவில்லையா?

கிட்டத்தட்ட இரண்டு உண்டு. 1976இல் 'ராக் அண்ட் ரோல் மியூசிக்' என்று இரட்டைத் தட்டு வந்தது. அதிலுள்ள 28 பாடல்களில் 12 பிறருடையவை. அதற்கு முன்பே 1964இல் அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் போட்ட 'த பீட்டில்ஸ் செகண்ட் ஆல்பம்' தட்டில் பதினொன்றில் ஆறு கவர் பாடல்கள். இரண்டுமே வேகப் பாட்டுகளுக்குத்தான் முதலிடம் தந்தன. 'அன்னா' போன்ற மெதுவான பாட்டுக்கு 1976 தொகுப்பில் இடமே இல்லை. என் மனக்குறை அங்கேதான் ஆரம்பம்.

அண்ணா, நீங்கள் என்ன அளவுகோல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? எது நல்ல பாட்டு என்பதா, எதை நன்றாகப் பாடினார்கள் என்பதா?

இரண்டுமே போதாது. மூலப் பாடலை ஒருமுறை கேட்டுவிட்டு இவர்கள் பாடியதைக் கேட்பேன். கேட்டு முடித்ததும் மூலத்துக்குத் திரும்பிப் போக மனம் துடிக்கிறதா? துடித்தால் பட்டியலில் சேரும். மூலம் மறந்தே போனால் யோசிப்பேன். மூலத்தின் மங்கலான நிழலாகத் தெரிந்தால் வேண்டாம்.

'அன்னா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஆர்தர் அலெக்சாண்டர் என்ற அலபாமாக்காரர் பாடியது. அவருடைய பாட்டில் பியானோவில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். ஜார்ஜ் ஹாரிசன் அதை அப்படியே கித்தாருக்கு மாற்றினார். அலெக்சாண்டர் வலியை உள்ளே வைத்துக்கொண்டு, ஏதோ பேசுவது போலப் பாடுவார். ஜான் லெனன் நடுப்பகுதியில் அதை வெளியே கொட்டிவிடுவார். ஒரே பாட்டில் இரண்டு மனிதர்களைப் பார்க்கிறோம். நான் ஜான் பாடியதைத்தான் முதலில் கேட்டேன். அலெக்சாண்டரைக் கேட்கப் பல வருடம் ஆனது, கேட்ட அன்று வேறு எதையும் கேட்க முடியவில்லை.

இந்தப் பையன்கள் ஏன் பெண்கள் குழுக்களின் பாட்டை இவ்வளவு பாடினார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதல் இரண்டு ஆல்பங்களின் பன்னிரண்டு கவர் பாடல்களில் ஐந்து அமெரிக்கப் பெண்கள் குழுக்களுடையவை: ஷிரெல்ஸின் 'பாய்ஸ்', 'பேபி இட்ஸ் யூ', குக்கீஸின் 'செயின்ஸ்', மார்வெலெட்ஸின் 'பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்', டோனேஸின் 'டெவில் இன் ஹிஸ் ஹார்ட்'.

முதல் காரணம் குரல். அன்றைய பிரிட்டிஷ் குழுக்களில் பெரும்பாலும் முன்னால் ஒரு பாடகர் நிற்பார், பின்னால் மற்றவர்கள் வாசிப்பார்கள். பீட்டில்ஸில் அப்படி ஒரு 'முன் ஆள்' இல்லை, பாடக்கூடியவர்கள் மூன்று பேர். ஒருவர் பாட, இருவர் பின்பாட்டில் பதில் சொல்லும் அமைப்பு பெண்கள் குழுக்களிடம் தயாராக இருந்தது. நம் ஊர்ப் பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அந்த உறவுதான் இது. பின்னாளில் 'ஷி லவ்ஸ் யூ' போன்ற சொந்தப் பாட்டுகளில் குரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதத்துக்கு இங்கேதான் பயிற்சி.

இரண்டாவது காரணம் போட்டி. லிவர்பூலில் குழுக்கள் ஏராளம், எல்லாரும் ஒரே வெற்றிப் பாடல்களை வாசித்தார்கள். தங்களுக்கு முன் மேடையேறியவர்கள் அதே பாட்டைப் பாடிவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் இவர்கள் தட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். 'பாய்ஸ்' பாட்டு 'வில் யூ லவ் மீ டுமாரோ' தட்டின் பி பக்கம். டோனேஸின் தட்டு அமெரிக்காவிலேயே விற்காத ஒன்று. ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவுக்குப் பல மணி நேரம் வாசித்ததால் எவ்வளவு பாட்டு இருந்தாலும் அங்கே போதவில்லை.

'டெவில்' பாட்டில் 'ஹிஸ்' என்பதை 'ஹெர்' என்று மாற்றிக்கொண்டார்கள். 'பாய்ஸ்' பாட்டின் பல்லவியை மாற்றவே இல்லை. பையன்களைப் பற்றி ஒரு பெண் பாடியதை ரிங்கோ அப்படியே, முழு மகிழ்ச்சியோடு பாடுகிறார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, பட்டியலைச் சொல்லுங்கள்.

முதல் பக்கம்: பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன், பாய்ஸ், அன்னா, ரோல் ஓவர் பீத்தோவன், வேர்ட்ஸ் ஆஃப் லவ், யூ ரியலி காட் எ ஹோல்ட் ஆன் மீ, மணி.

இரண்டாம் பக்கம்: ராக் அண்ட் ரோல் மியூசிக், டில் தேர் வாஸ் யூ, ஆக்ட் நேச்சுரலி, டெவில் இன் ஹெர் ஹார்ட், லாங் டால் சாலி, லீவ் மை கிட்டன் அலோன், ட்விஸ்ட் அண்ட் ஷவுட்.

'போஸ்ட்மேன்' முதலில் வரக் காரணம், எடுத்த எடுப்பிலேயே 'நில்லு' என்று ஒரு குரல் கூப்பிடுகிறது. ஆல்பத்தைத் திறக்க அதைவிட வேறு என்ன வேண்டும்? 'மணி'க்குப் பிறகு தட்டைத் திருப்ப எழுந்து போகும் அவகாசம் தேவை, அதனால் அது பக்கக் கடைசியில்.

'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' அப்படியே நகல்தானே? உங்கள் அளவுகோலுக்கு அது எப்படிச் சரிப்படும்?

நியாயமான கேள்வி. பட்டி ஹாலி 1957இல் தன் குரலின் மேலேயே தன் குரலை ஏற்றிப் பதிந்த பாட்டு அது. ஜானும் பாலும் அந்த இணைப்பை இரண்டு தொண்டைகளில் கொண்டு வருகிறார்கள். மற்றபடி கித்தார் ஒலி முதல் எல்லாமே ஹாலிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹாலியின் குழுவான 'கிரிக்கெட்ஸ்' (சிள்வண்டுகள்) போலவே தங்கள் குழுவின் பெயரிலும் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டவர்கள், அவர் பாட்டில் ஆல்பத்துக்காகப் பதிந்தது இந்த ஒன்றைத்தான். வணங்கிவிட்டு ஒதுங்கி நிற்கும் பாட்டு என்று கேளுங்கள். கேட்டதும் ஹாலியிடம் போவீர்கள், அந்த வகையில் என் அளவுகோலில் தேறிவிடுகிறது.

ஐயா, 'டில் தேர் வாஸ் யூ' ராக் பாட்டே இல்லையே. நாடகப் பாட்டு. எதற்கு அது?

'த மியூசிக் மேன்' என்ற 1957ஆம் வருட அமெரிக்க இசை நாடகத்தின் பாட்டுதான். பாலுக்கு அது பெக்கி லீ பாடிய வடிவத்தில் பழக்கம். முதலில் நானும் அதை விட்டுவிட்டு 'பேபி இட்ஸ் யூ'வைத்தான் வைத்திருந்தேன். அப்போது எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஜான் பாடியவை, பால் தனியாகப் பாடியதோ ஒன்றே ஒன்று. ஒரு குழுவின் ஆல்பம் அப்படி இருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய காரணம் உண்டு. 1963 நவம்பர் 4 அன்று அரச குடும்பத்தார் முன்னிலையில் நான்கே பாட்டு பாடினார்கள். அதில் இதுவும் ஒன்று, 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே மேடையில் பாட முடிந்ததுதான் பீட்டில்ஸ். ஜார்ஜ் நைலான் நரம்புக் கித்தாரில் வாசிக்கும் இடையிசையைத் தனியாகக் கவனியுங்கள், இருபது வயதுப் பையனின் கை அது. 'பேபி இட்ஸ் யூ'வை எடுத்தது இன்னும் வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரி வில்லியம்ஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை! இது அநியாயம்.

கோபம் புரிகிறது. அவர் பாட்டு மூன்றைப் பதிந்திருக்கிறார்கள்: 'ஸ்லோ டவுன்', 'டிஸ்ஸி மிஸ் லிஸ்ஸி', 'பேட் பாய்'. பின்னிரண்டும் 1965 மே 10 அன்று ஒரே அமர்வில், அமெரிக்க ஆல்பம் ஒன்றுக்குப் பாட்டு தேவைப்பட்டதால் பதிந்தவை. அது லாரி வில்லியம்ஸின் பிறந்தநாளும்கூட. ஜான் தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் பாடுகிறார், ஆனால் 'மணி'யும் 'ட்விஸ்ட்'டும் அதே வேலையை இன்னும் ஆழமாகச் செய்துவிடுகின்றன. 'டிஸ்ஸி'யில் அந்தக் கித்தார் துண்டு முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் சுற்றுவது எனக்கு அலுக்கும். பதினைந்தாவது இடம் என்று ஒன்று இருந்தால் 'பேட் பாய்'க்குத் தருவேன்.

'மிஸ்டர் மூன்லைட்'?

அந்த முதல் அலறலை மட்டும் வெட்டி எடுக்க முடிந்தால் சேர்த்திருப்பேன். நடுவில் ஹேமண்ட் ஆர்கன் வந்ததும் பாட்டு படுத்துவிடுகிறது.

'லீவ் மை கிட்டன் அலோன்' அவர்கள் காலத்தில் வெளிவரவே இல்லையே?

ஆமாம், நீங்கள் பிடித்தது சரி. நானே போட்ட எல்லையை நானே தாண்டிய ஒரே இடம் அதுதான். லிட்டில் வில்லி ஜான் 1959இல் பாடியது. பீட்டில்ஸ் 1964 ஆகஸ்ட் 14 அன்று பதிந்தார்கள், 'மிஸ்டர் மூன்லைட்' பாட்டை முதலில் முயன்றதும் அதே நாளில்தான். டிசம்பரில் 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' வந்தபோது 'மூன்லைட்' உள்ளே இருந்தது, 'கிட்டன்' வெளியே. 1995இல் 'ஆந்தாலஜி 1' வரும்வரை பெட்டிக்குள் கிடந்தது. 1964இல் ஊர் ஊராகச் சுற்றிக் களைத்திருந்தார்கள், சொந்தப் பாட்டு போதாமல்தான் 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' ஆல்பத்தில் ஆறு பழைய பாட்டுகளைப் போட்டார்கள். அப்படியிருந்தும் இதை ஏன் ஒதுக்கினார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த அநீதியை என் பட்டியலிலாவது சரி செய்கிறேன்.

அப்படியானால் பிபிசி பதிவுகளையும் சேர்க்கலாமே? ஹாம்பர்க் பதிவுகள்?

பிபிசி வானொலிக்காக அவர்கள் 88 வெவ்வேறு பாடல்களை வாசித்தார்கள், அவற்றில் 36 அப்போது எந்தத் தட்டிலும் இல்லாதவை. அது தனிக் கடல். 1994இலும் 2013இலும் வந்த இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. ஒலி வேறு, அறை வேறு. ஸ்டூடியோப் பாட்டுகளுக்கு நடுவே வைத்தால் இரண்டுக்குமே நஷ்டம். ஒன்றே ஒன்றுக்காக மனம் அடித்துக்கொள்கிறது: ஆர்தர் அலெக்சாண்டரின் 'சோல்ஜர் ஆஃப் லவ்'. அதைத் தனியாகக் கேளுங்கள், கட்டாயம்.

1961 ஹாம்பர்க் பதிவுகளில் பெரும்பாலும் டோனி ஷெரிடன் என்ற பாடகர்தான் பாடுகிறார், இவர்கள் பின்னால் வாசிக்கிறார்கள். 'ஏய்ண்ட் ஷி ஸ்வீட்' ஜானுடையது, ஆனால் டிரம்ஸில் பீட் பெஸ்ட். ரிங்கோ வராத பீட்டில்ஸ் வேறு குழு.

மோனோவா ஸ்டீரியோவா?

முதல் இரண்டு ஆல்பங்களின் பாட்டுகளுக்கு மோனோ. இரண்டு தடப் பதிவு என்பதால் ஸ்டீரியோவில் வாத்தியம் ஒரு காதிலும் குரல் இன்னொரு காதிலும் பிரிந்து நிற்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் 'மணி' பாதி பலத்தை இழந்துவிடும்.

'லாங் டால் சாலி'யைக் கடைசியில் வைப்பதல்லவா முறை? மேடையில் அதைத்தானே கடைசியாகப் பாடுவார்கள்?

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அவர்களுடைய கடைசிக் கட்டணக் கச்சேரியின் கடைசிப் பாட்டும் அதுவே. சொந்தமாக அவ்வளவு எழுதிக் குவித்த பிறகும் லிட்டில் ரிச்சர்டின் பாட்டோடுதான் மேடையை விட்டு இறங்கினார்கள். பால் அதை ஸ்டூடியோவில் ஒரே டேக்கில் பாடி முடித்தார். உங்கள் வாதம் பலமானது, பல இரவு நானும் அப்படி மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் 1963 பிப்ரவரி 11ஐ நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து இரவுவரை ஒரே நாளில் முதல் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு. ஜானுக்குச் சளி. தொண்டையைக் கெடுத்துவிடும் என்று தெரிந்தே 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஐஸ்லி பிரதர்ஸ் 1962இல் பாடிப் புகழடைந்த பாட்டு. முதல் டேக்கிலேயே வந்துவிட்டது. இன்னொன்று எடுக்கலாம் என்று ஆரம்பித்தபோது ஜானிடம் குரல் மிச்சமில்லை. அந்தப் பாட்டுக்குப் பின்னால் வேறு எதை வைத்தாலும் அது சின்னதாகிப் போகிறது. வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூலப் பாடல்களை நான் கேட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்தர் அலெக்சாண்டரின் 'அன்னா', மார்வெலெட்ஸின் 'பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்', பேரட் ஸ்ட்ராங்கின் 'மணி', ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் பாடிய 'யூ ரியலி காட் எ ஹோல்ட் ஆன் மீ'. கடைசி மூன்றும் டெட்ராய்ட்டில் பெர்ரி கோர்டி நடத்திய மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகள். 'வித் த பீட்டில்ஸ்' ஆல்பத்தில் அந்த மூன்றும் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு வெளியே பலர் அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டது இந்த நான்கு பேர் வாயிலிருந்துதான். 'போஸ்ட்மேன்' பாட்டில் அந்த இளம்பெண்கள் தபால்காரரிடம் கெஞ்சுவதைக் கேட்டுவிட்டு, உடனே ஜான் கெஞ்சுவதைப் போடுங்கள். அப்புறம் மறுபடியும் மார்வெலெட்ஸ்.